ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது ஆண்டுதோறும் ஒரே மாதிரிப் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. மஞ்சள் அங்கி அணிந்த ஊழியர்கள், கையில் தீயணைப்பான், பின்னால் ஒரு பச்சைப் பலகை. கீழே 'பேரிடர் ஒத்திகை நடைபெற்றது' என்று இரண்டு வரி. அந்த ஒத்திகை தேவைதான்; ஆட்களை உயிரோடு வெளியே கொண்டுவருவதற்கானது அது. ஆனால் பல நிறுவனங்கள் அதையே தொழில் தொடர்ச்சித் திட்டத்துக்கான பயிற்சியாகவும் கணக்கெழுதிவிடுகின்றன. பேரிடருக்குப் பிறகும் வேலை நிற்காமல் நடக்க எழுதிவைக்கும் அந்தத் திட்டத்தை ஆபீஸ் பேச்சில் பிசிபி என்கிறோம். ஆட்கள் வெளியே வந்தாயிற்று; மறுநாள் காலையில் சரக்கை எப்படி அனுப்புவது, சம்பளம் எப்படிப் போடுவது, டயாலிசிஸ் நோயாளியை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் வேறு கேள்வி. அதற்கு வேறு ஒத்திகை.

உங்கள் தொழிலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015 டிசம்பர் 2ஆம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை என்று அப்போது செய்தி வந்தது. அச்சகம் மறைமலை நகரில் இருந்தது; வெள்ளத்தில் தொழிலாளர்களால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. திட்டம் எழுதுகிறவர்கள் கட்டடம், இயந்திரம், சர்வர் என்று பொருள்களைப் பட்டியல் போடுவார்கள். ஆளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கும் சாலை பட்டியலில் வராது. ஒத்திகை வைப்பதே இப்படி விட்டுப்போனதைப் பிடிக்கத்தான். ஒன்றுமே அகப்படாமல் 'நூற்றுக்கு நூறு' என்று அறிக்கை வந்தால், கேள்வித்தாள் சுலபமாக இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டாயம் உள்ள துறைகளில் விதி தெளிவாகவே இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகள், 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்குள்ளான அவசரகாலத் திட்டத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல், முக்கியமான கணினி அமைப்புகளை அரையாண்டுக்கு ஒருமுறையாவது மாற்று மையத்திலிருந்து, அதாவது முதன்மை மையம் முடங்கினால் கைகொடுக்க வேறிடத்தில் வைத்திருக்கும் கணினி மையத்திலிருந்து, இயக்கிப் பார்க்கச் சொல்கிறது. அதுவும் பத்து நிமிடம் காட்டிவிட்டுத் திரும்புவதல்ல. காலையில் நாள் தொடங்கும் வேலையிலிருந்து இரவு நாள் முடிக்கும் வேலை வரை, குறைந்தது ஒரு முழு வேலைநாள். இந்த 'முழு வேலைநாள்' என்ற சொல்லை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மாற்று மையத்தில் வாடிக்கையாளர் திரை நன்றாகவே திறக்கும். இரவு 11 மணிக்கு வட்டி கணக்கிடும் வேலை ஓடும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

தேசியப் பங்குச் சந்தையில் 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40க்கு நின்ற வர்த்தகம் மாலை 3.45க்குத்தான் மீண்டது. மாற்று மையம் சென்னையில் இருந்தது. ஆனால் வர்த்தகம் அன்று அங்கே மாறவில்லை. இதன்பிறகு பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி, கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்துவிட வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் இயங்க வேண்டும் என்று கெடு வைத்தது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, காலை முதல் அமர்வு முதன்மை மையத்திலும் அடுத்த அமர்வு மாற்று மையத்திலுமாக நிஜப் பணத்தில் வர்த்தகம் நடத்திக் காட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த 30 நிமிடம். தொழில்நுட்பம் தடுமாறும் நேரத்தைவிட, 'இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் நேரம்தான் எப்போதும் அதிகம். யார் அறிவிப்பது, எத்தனையாவது நிமிடத்தில் அறிவிப்பது என்பது பெரும்பாலான திட்டங்களில் எழுதப்படாமலே கிடக்கிறது.

அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ உள்ள 150 பேர் வேலை செய்யும் ஆலையையும், 50 படுக்கை மருத்துவமனையையும் இவ்வளவு நெருக்கிக் கேட்பவர் இல்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மேசைப் பயிற்சி: எதையும் அணைக்காமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கற்பனைப் பேரிடரைப் பேசிப் பார்ப்பது. செலவு, டீயும் வடையும் மட்டும். 8 முதல் 12 பேர், இரண்டரை மணி நேரம், நடத்த ஒருவர், குறிப்பெடுக்க இருவர். குறிப்பெடுப்பவர்கள் பேசக் கூடாது. கேள்வி எழுந்த நேரத்தையும் பதில் வந்த நேரத்தையும் மட்டும் எழுத வேண்டும். என்ன நடக்கப்போகிறது என்பது நடத்துபவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. பொதுமேலாளருக்கு முதல்நாள் இரவே கதையைச் சொல்லிவிடுகிற மரியாதைதான் பல பயிற்சிகளைக் கெடுக்கிறது.

சூழ்நிலையை ஊரில் நடந்ததிலிருந்தே எடுக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என்ன செய்தது என்பது அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதிரிபாக ஆலை ஒன்றுக்கு வைத்தால் இப்படி இருக்கலாம்.

காலை 6.40: செக்யூரிட்டி அறை வரை முழங்கால் தண்ணீர், மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மரை அணைத்துவிட்டது என்று ஷிப்ட் இன்சார்ஜ் போன் செய்கிறார்.

7.15: கார் கம்பெனியின் கொள்முதல் பிரிவு கேட்கிறது, மதியம் 2 மணி லாரி புறப்படுமா? 8 மணிக்குள் பதில் வேண்டும்.

8.10: முதல் ஷிப்ட் பஸ் வழியில் நிற்கிறது, உள்ளே 34 பேர்.

9.30: ஸ்டோரில் கீழ் ராக் மூழ்கிவிட்டது; அதில் என்ன இருந்தது என்ற கணக்கு கணினியில், கணினி இருட்டில்.

11.00: இன்று சம்பளக் கோப்பை வங்கிக்கு ஏற்ற வேண்டும். அதற்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அக்கவுண்டண்ட் கைப்பையில். அவர் முடிச்சூரில், வீட்டு மாடியில்.

மூன்றாம் நாள்: தண்ணீர் வடிந்துவிட்டது. நனைந்த மோட்டார்களை, மின்கசிவைக் காட்டும் மெக்கர் கருவி வைத்துப் பார்க்காமல் ஓட்டினால் புகைந்துவிடும். வைண்டிங் கடையில் உங்களுக்கு முன்னால் தொழிற்பேட்டையே வரிசையில் நிற்கிறது.

ஒவ்வொரு செய்திக்கும் 15 நிமிடம். ஒரே ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொண்டால் போதும்: 'பார்த்துக்கொள்வோம்', 'ஏற்பாடு செய்வோம்' என்பதைப் பதிலாக ஏற்கக் கூடாது. யார், எந்த எண்ணில், எத்தனை மணிக்குள்? 'வைண்டிங் கடைக்காரர் நம்பர் இருக்கிறதா?' 'இருக்கிறது சார்.' 'காட்டுங்கள். இப்போதே போடுங்கள்.' போன் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்லும். அன்றைய பயிற்சியின் பலன் அந்தக் குரல்தான்.

நடுவில் ஆளையும் எடுத்துவிட வேண்டும். சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு உரியவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிடுங்கள். அவர் போன் எடுக்க மாட்டார். ஐடி பொறுப்பாளர் பெயர் வந்தால் சர்வர் பாஸ்வேர்டு, மின் பொறுப்பாளர் பெயர் வந்தால் பேனல் அறைச் சாவி, இரண்டும் அவரோடு போய்விடும். 'அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது' என்பதை அவருக்கான பாராட்டாகவே சொல்கிறோம். திட்டத்தில் அது ஓட்டை.

அடுத்து மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதம் ஒருமுறை ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் 'சரி' என்று எழுதுவதுதான் நம் ஊரில் மின் ஒத்திகை. சுமை இல்லாமல் ஓடுகிற ஜெனரேட்டர் ஒன்றைத்தான் நிரூபிக்கிறது: அன்று பேட்டரியில் ஸ்டார்ட் செய்யும் அளவுக்குச் சார்ஜ் இருந்தது. மாறாகக் கெடுதலும் உண்டு. டீசல் என்ஜின் அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் அடிக்கடி ஓடினால், எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படிந்து, முழுச் சுமை வரும் நாளில் புகை தள்ளித் திணறும். டேங்கில் மாதக்கணக்கில் நிற்கும் டீசலின் அடியில் நீர் கோத்து, கசடு சேர்ந்து, ஓட ஆரம்பித்த இரண்டாவது மணியில் ஃபில்டரை அடைக்கும். பத்து நிமிடச் சோதனையில் இது தெரியவே தெரியாது.

ஆகவே மெயின் பிரேக்கரை நிஜமாகவே அணைக்க வேண்டும். ஞாயிறு காலை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பக்கத்தில், குறைந்தது இரண்டு மணி நேரம். ஒருவர் ஸ்டாப்வாட்சோடு பேனல் முன் நிற்கட்டும். ஜெனரேட்டர் தானாக எடுத்து, சுமை மாற எத்தனை விநாடி? மற்ற இருவர் கட்டட வரைபடத்தோடு அறை அறையாகப் போய் எது அணைந்திருக்கிறது என்று குறிக்கட்டும். சர்வர் அறையில் விளக்கெல்லாம் எரியும், யுபிஎஸ் இருக்கிறது. ஏசி மட்டும் ஜெனரேட்டர் லைனில் இருக்காது. மூடிய சிறு அறையில் அரை மணிக்குள் சூடேறி சர்வர்கள் தாமாகவே அணைந்துவிடும். மருந்தகத்தில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசி ஃபிரிட்ஜ், யாரோ இடம் மாற்றியதில், சாதாரண லைன் பிளக்கில் இருக்கும். கைரேகைக் கதவு திறக்காது. அடித்தளத் தண்ணீரை இறைக்கும் மோட்டார், அதாவது மழை நாளில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட வேண்டியது, ஓடாது.

யுபிஎஸ் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டவை. 20 பேட்டரியில் ஒன்று போனாலும் வரிசை முழுவதும் படுத்துவிடும். நம் வெப்பத்தில் மூன்று நான்கு ஆண்டுகளே அவற்றின் ஆயுள். திரையில் '30 நிமிடம்' என்று காட்டுவது கணக்கு மட்டுமே. சுமையோடு இறக்கிப் பார்த்தால் ஏழாவது நிமிடத்தில் கத்தத் தொடங்குவது உண்டு.

டீசல் கணக்கையும் அன்றே போட்டுவிடலாம். 125 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் குடிக்கும். பல கட்டடங்களில் 990 லிட்டர் டேங்கையே பார்க்கலாம். ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கும் மொத்தத்தில் 2,500 லிட்டருக்கும் மேற்படாமல் டீசல் வைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை என்ற பெட்ரோலியச் சட்டக் கணக்கு அது. 990 லிட்டர் நிரம்பி இருந்தால் சுமார் இரண்டு நாள். பாதி இருந்தால் ஒரு நாள். பெரும்பாலும் பாதிதான் இருக்கும். மிக்ஜாமின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு நாளுக்கு மேல் ஆனது. 2018 நவம்பரில் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது டெல்டாவில் வாரக்கணக்கில் இருட்டு. 'டீசல்காரர் 4 மணி நேரத்தில் கொண்டுவருவார்' என்று திட்டத்தில் எழுதியிருந்தால், ஒத்திகையில் அவரையே அழைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: தெருவில் இரண்டடி தண்ணீர் நின்றால் உங்கள் வண்டி வருமா? இதே 4 மணி நேர வாக்கை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?

ஜெனரேட்டரை மொட்டைமாடிக்கு ஏற்றியவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில். டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில். அடித்தளத்தில் வெள்ளம் புகுந்ததும் பம்ப் நின்றது. ஊழியர்கள் வரிசையாகப் படிக்கட்டில் நின்று டீசலைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. உங்கள் கட்டடத்தில் டேங்க் எங்கே, பம்ப் எங்கே, சுமையை ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச் எங்கே, மூன்றும் தரையிலிருந்து எத்தனை அடி உயரம்? டேப் வைத்து அளந்து, 2015இல் தண்ணீர் நின்ற மட்டத்தோடு ஒப்பிட அரை மணி நேரம்கூட ஆகாது.

மருத்துவமனைகள் மெயினை அணைத்துச் சோதிக்கும்போது தீவிர சிகிச்சைப் பிரிவையும் அறுவை அரங்கையும் முதல் சுற்றில் தொடக் கூடாது. அங்கே ஒத்திகை காகிதக் கணக்காகவே இருக்கட்டும். உதாரணமாக ஆக்சிஜன்: பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் நோயாளிக்குப் பதினொன்றரை மணி நேரம் வரும். நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. இரவு பணியில் இருக்கும் நர்ஸிடம் இன்றைய நோயாளிகளை வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் சிலிண்டர் அறைச் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

தரவுக்கு வருகிறேன். 'பேக்கப் எடுக்கிறோம்' என்பது பதிலே அல்ல. கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள் என்பதே கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால், பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வரே நிராகரித்துவிட்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதை முழுக்க வெளிப்படையாக எழுதியதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தத் துணிச்சல் நம் பக்கம் அரிது.

சிறு நிறுவனங்களில் டேலி கணக்கு மென்பொருளின் தரவுதான் உயிர். அதன் நகல் அதே மேசையில், அதே கணினியில் எப்போதும் செருகிய ஹார்ட் டிஸ்கில் இருக்கும். பூட்டுப்போட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். தண்ணீர் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே நனையும். சோதிப்பது எளிது: வேறொரு வெற்றுக் கணினி, பேக்கப் நகல், நேரம் பார்க்க ஒருவர். மீட்டபிறகு நேற்றைய தேதியின் கையிருப்புத் தொகை, கடைசி பில் எண், மொத்த வரவு இந்த மூன்றும் அச்சிட்ட தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மென்பொருள் திறப்பதாலேயே மீண்டுவிட்டதாக எண்ண வேண்டாம். உரிமச் சாவி பழைய கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பது இந்த நேரத்தில்தான் தெரியவரும்.

நகலை இணையவெளியில் வைத்திருப்பவர்கள் இறக்கும் நேரத்தைக் கணக்கிட மறக்கிறார்கள். 2 டிபி தரவை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, ஒரு நொடிகூட வேகம் குறையாமல் இருந்தாலும், 44 மணி நேரம் ஆகும். திட்டத்திலோ '4 மணி நேரத்தில் மீட்போம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். இரண்டு இணைய நிறுவனங்களிடம் லைன் வாங்கியிருப்பதும் அப்படித்தான். இரண்டு கேபிளும் தெருமுனையில் ஒரே கம்பத்தில் தொங்கினால் 2016 வர்தா புயலில் விழுந்ததைப் போன்ற ஒரே மரம் இரண்டையும் அறுக்கும். வெளியே போய் அண்ணாந்து பார்த்தால் போதும்.

மாற்று மையம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். போவது பாதி வேலை; திரும்பி வருவதே பெரிய வேலை. மாற்று மையத்தில் ஒரு நாள் எழுதப்பட்ட பரிவர்த்தனைகளை முதன்மை மையத்துக்குத் திருப்பிச் சேர்க்கும் வழியை யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. வங்கி, ஜிஎஸ்டி போன்ற வெளி அமைப்புகள் உங்கள் பழைய ஐபி முகவரியை மட்டும் அனுமதித்திருக்கும். புதிய முகவரியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. நேரம் வைத்து ஓடும் வேலைகள் இரண்டு மையத்திலும் ஒரே இரவில் ஓடி, ஒரே தொகை இருமுறை வரவாகிவிடும். இவற்றையெல்லாம் ஒரு முழு நாள் அங்கே குடியிருந்தால்தான் பார்க்க முடியும்.

ஒத்திகை பார்க்கத் துணியாத இடத்தில்தான் அடி விழும் என்பதற்கு ஃபேஸ்புக் சாட்சி. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்புக் கட்டளை ஒன்று அவர்களது தரவு மையங்களை இணைக்கும் மையப் பிணையத்தையே துண்டித்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் வாட்ஸ்அப் உட்பட எல்லாம் நின்றது; பழுதுபார்க்கும் கருவிகளும் அதே பிணையத்தில் இருந்ததால் அவையும் நின்றன. அவர்கள் வழக்கமாகப் பெரிய பயிற்சிகள் நடத்துபவர்கள். அந்தப் பழக்கம்தான் சேவைகளைப் பத்திரமாகத் திரும்ப ஏற்ற உதவியது என்றும், மையப் பிணையமே போவதுபோல் ஒருபோதும் பயிற்சி செய்ததில்லை என்றும் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். நம் திட்டங்களில் எல்லாத் தொடர்பும் வாட்ஸ்அப் குழுவில்தான்; அந்த ஆறு மணி நேரம் நமக்கும் ஒரு பாடவேளை.

அதற்கு மருந்து போன் சங்கிலிச் சோதனை. ஞாயிறு மாலை 7 மணி, முன்னறிவிப்பு இல்லை, சாதாரண அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ மட்டும். 60 பேர் பட்டியலில் 30 நிமிடத்துக்குள் எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? முதல்முறை பாதிப் பேர் அகப்பட்டாலே பரவாயில்லை. வேலையை விட்டுப் போனவர் இன்னும் பட்டியலில் இருப்பார். அவரும் கடமையாக 'நான் இப்போது அங்கே இல்லையே' என்பார். அந்தப் பட்டியலும் திட்டமும் அச்சில் மூன்று நான்கு வீடுகளில் இருக்க வேண்டும். சர்வர் போனால் என்ன செய்வது என்ற கோப்பை அந்த சர்வரிலேயே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒத்திகையே விபத்தாகிவிடவும் கூடாது. எல்லா அழைப்பும் செய்தியும் 'இது பயிற்சி' என்று தொடங்கி 'இது பயிற்சி' என்று முடியட்டும். நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும். அவர் 'நிறுத்து' என்றால் வாதம் இல்லை. எதை அணைக்கும் முன்னும், அதைத் திரும்பப் போடும் வழியை எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசி, ஜிஎஸ்டி கடைசித் தேதி, சம்பள நாள் வேண்டாம். மின்வாரியத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

முடிந்த அரை மணிக்குள், களைப்போடு களைப்பாக, எல்லோரும் உட்கார வேண்டும். இரண்டு நாள் விட்டால் எல்லோருக்கும் எல்லாம் சரியாக நடந்ததாகவே நினைவிருக்கும். குறிப்பெடுத்தவர்கள் நேரத்தைப் படிக்கட்டும். விளக்கம் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. ஓட்டை, அதை அடைப்பவர் பெயர், தேதி, செலவு என்று நான்கு பத்தி போட்ட தாள் ஒன்று போதும். பொறுப்பு ஒரு துறையின் பெயரில் இருந்தால் யாரும் செய்ய மாட்டார்கள். ஆளின் பெயர் வேண்டும். ஆறாவது வாரம் அந்த ஓட்டைகளை மட்டும் மறுபடி சோதிக்க வேண்டும். புது பேட்டரி வாங்கி, பழையதன் பக்கத்திலேயே பெட்டியோடு வைத்திருந்ததும் உண்டு.

கடைசியாக உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் ஏதாவது நிறுவனமோ அரசு அலுவலகமோ ஒத்திகைப் படத்தை அனுப்பினால், படத்தோடு இரண்டு வரியும் கேட்டு வாங்கிப் போடுங்கள்: எது வேலை செய்யவில்லை, அதை எந்தத் தேதிக்குள் சரிசெய்கிறார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று ஒரு போன் போட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தொழில் தொடர்ச்சித் திட்டப் பணியில் உள்ள வாசகர்,
சென்னை.